ஒரு விரலை அடக்கியவர்

அந்தப் பேருந்தில் டிக்கெட் வாங்கினால் அதன் மூலையில் ஓர் ஈரப்புள்ளி இலவசம். வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் எனக்கும் அது கிடைத்தது. கண்டக்டரின் நாக்கு இம்மியளவு வெளியே வந்தது, வலது கை ஆள்காட்டி விரல் அதைத் தொட்டது, டிக்கெட் கட்டின் மேல் விழுந்தது. கிழிந்த டிக்கெட் என் உள்ளங்கையில் இருந்தது. இமை கொட்டும் நேரம்தான். அவருடைய கண்கள் அதற்குள் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டன.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கி வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதை யாரிடமும் சொல்ல மறந்ததில்லை. அவரிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் 'டிகிரி'. அவருக்குப் பயணிகள் வைத்த பெயர் 'ஈரவிரல்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் பேருந்தில் முதுகு என்று தனியாக ஒன்று கிடையாதே, எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இருக்கும். அவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

காய்கறிக் கூடைக்கார அம்மா மட்டும் நேராகவே கேட்பார்.

"ஏம்ப்பா, டிக்கெட்டுக்குத்தானே காசு குடுத்தேன்? எச்சிலுக்கு யாரு கேட்டா?"

"அது கொசுறும்மா. நீங்க கத்தரிக்காய்க்கு ரெண்டு மிளகாய் சேத்துப் போடறதில்ல?"

"மிளகாயை நான் நக்கியா போடறேன்?"

பேருந்து சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அடுத்த டிக்கெட்டுக்கு விரலை நாக்குக்குக் கொண்டுபோவார். அதுதான் வேடிக்கை. கேலி செய்யும்போதும் அந்த விரல் போகும், கோபத்தில் கத்தும்போதும் போகும், யோசிக்கும்போதும் போகும். அவர் இளைஞனாக இந்த வேலைக்கு வந்தபோது புதுக் கட்டுகளின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருமாம். ஒன்று கிழிக்கப் போய் இரண்டு வந்துவிடும். அப்போது பிடித்த பழக்கம். கல்யாணம் அதற்குப் பிறகுதான். மனைவியைப் பார்ப்பதற்கு முன்பே அந்த விரல் நாக்கைப் பார்த்துவிட்டது.

நான் வாடகைக்கு இருந்ததும் அவர் வீட்டு மாடியில்தான். கீழே அவரும் மனைவியும் மட்டும். அந்த அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வெளுத்த முகத்தோடு திரும்பி வருவார். படி ஏற முடியாதே தவிர வாய் குறையவில்லை. "டிகிரி, மாடியில கட்டிலை இழுக்கறியா, கப்பலை இழுக்கறியா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

கடைசியில் அக்காவின் அண்ணன்தான் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். மச்சான்கள் இருவருக்கும் கல்யாணப் பந்தியிலிருந்தே ஆகாது. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்துவிடுவார். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உனக்காக இல்லய்யா, என் தங்கச்சிக்காக" என்றாராம். இவர் அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்கா வீடு திரும்ப இன்னும் சில நாட்கள். கண்டக்டர் வீட்டைப் புரட்டிப் போட்டார். அக்காவின் அறைக்கு வெள்ளையடித்தார். ஜன்னலுக்குப் புது வலை அடித்தார். பழைய பாயையும் தூசி பிடித்த பெட்டிகளையும் வெளியேற்றினார். வாசலுக்குப் பக்கத்தில் குழாய் வைத்து, அதன் மேல் சோப்புக்கு ஒரு தட்டு பொருத்தினார். கவனிப்புக்கு அவருடைய தங்கை வந்து சேர்ந்தாள்.

பேருந்தின் காலை முதல் நடையில் ஒரு நர்ஸ் வருவார். அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வார்டில் வேலை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை அவருடையது. ஒரு நாள் கண்டக்டர் அவரிடம் பெருமையாகச் சொன்னார்:

"எல்லாம் ரெடி சிஸ்டர். கடையில சோப்பு கேட்டா மொத்த வியாபாரமாங்கறான். இனிமே என் எச்சில்கூட அவ பக்கம் போகாது."

"உங்க எச்சில் கிடக்கட்டும் அண்ணே. இந்தப் பஸ்ஸுல இருக்கறவங்க கையெல்லாம் எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"எங்க போகுது?"

"உங்க வாய்க்கு."

அவர் புரியாமல் நின்றார். நர்ஸ் கையை நீட்டிக் காட்டினார். "அதோ அந்த அண்ணன் இப்பத்தான் கையில தும்மிட்டு நோட்டை நீட்டினாரு. வாங்கினீங்க. பின்னாடி அந்தப் பொண்ணு குழந்தைக்கு மூக்கைத் துடைச்சிட்டுச் சில்லறை குடுத்துச்சு. வாங்கினீங்க. நடுவுல இந்தக் கம்பியைப் பிடிச்சீங்க. எத்தனை கை பிடிச்ச கம்பி! அப்புறம் விரல் எங்க போச்சு?"

பேருந்து சிரிக்கத் தொடங்கியது. பிறகு, யாரும் சொல்லாமலே, சிரிப்பு நின்றுவிட்டது. தும்மிய அண்ணன் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"அக்காவுக்குக் குடுக்கற மாத்திரை சாதாரண மாத்திரை இல்ல," என்றார் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. "புதுசா வச்ச சிறுநீரகத்தை உடம்பு அந்நியன்னு விரட்டிடக் கூடாது. அதுக்காகக் காவலுக்கு நிக்கிறவனையே தூங்க வைக்கிறோம். காவல்காரன் தூங்கறப்ப வீட்டுல மத்தவங்கதான் முழிச்சிருக்கணும். உங்களுக்கு வர்ற சளி உங்களுக்கு வெறும் சளி. அக்காவுக்கு அப்படி இல்ல."

கண்டக்டர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"இத்தனை வருஷமா ஊருக்கு நான் எச்சில் குடுக்கறேன்னுதான் எல்லாரும் திட்டினாங்க," என்றார் மெதுவாக. "நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். அப்ப ஊருதான் எனக்குக் குடுத்துட்டிருந்ததா?"

அந்த வார்த்தை என்னைப் பிடித்து உலுக்கியது. எச்சில் என்றால் வாயிலிருந்து வெளியே போவது என்றுதான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம். அடுத்தவர் எச்சில் நம் மேல் பட்டுவிடக் கூடாது என்று முகம் சுளிப்போம். அந்த ஈரவிரல் வெளியிலிருந்து உள்ளே திறக்கும் கதவு என்பது அத்தனை வருடமாக அத்தனை பயணிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடைக்கார அம்மாவுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று மாலையே விரலோடு சண்டை தொடங்கியது.

முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பஞ்சை நனைத்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். விரல் பஞ்சைத் தொட்டது. தொட்டுவிட்டு, வழக்கம் போல நாக்கையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தது. நர்ஸ் பஞ்சை முகர்ந்து பார்த்து, "கிருமிக்கு நீச்சல் குளம் கட்டியிருக்கீங்க" என்றார். பஞ்சு வெளியே போனது. அடுத்து விரலுக்கு ரப்பர் தொப்பி. ரப்பர் தொப்பியையும் நக்கினார். பிறகு கசப்பு மாத்திரையைக் கரைத்து விரலில் பூசிக்கொண்டார். முதல் நாள் முகம் எட்டுக் கோணலானது. அப்புறம் கசப்பு பழகிவிட்டது. "இப்பல்லாம் கசப்பு இல்லாட்டிதான் என்னமோ மாதிரி இருக்கு, டிகிரி" என்றார் வெட்கத்தோடு. கடைசியாக முகக்கவசம். அதை மாட்டிக்கொண்டால் விரல் வாய்க்குப் போக வழியில்லை அல்லவா? போகவில்லைதான். ஆனால் ஒரு நடை முடிவதற்குள் கவசத்தில், சரியாக உதடு இருக்கும் இடத்தில், காசின் கறுப்பு வட்டமாகப் படிந்திருந்தது. விரல் வந்து வந்து மோதியிருக்கிறது. உள்ளே யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

அந்தக் கறையைப் பார்த்த டிரைவர் சொன்னார்: "யோவ், உன் விரலுக்கு உன்னைவிட சர்வீஸ் ஜாஸ்திய்யா."

கண்டக்டர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் அக்கா வீட்டுக்கு வருகிறார்.

அக்கா வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார். கண்டக்டர் வாசலோடு நின்றுவிட்டார். வெளியறையில் தனக்கென்று ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது கேட்டிருக்கிறேன்.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு தூரத்துல நின்னதில்ல."

"அப்ப உங்க அண்ணன் நமக்கு நடுவுல நின்னான். இப்ப உனக்கு உள்ளயே போயி உக்காந்துட்டான். நான் என்ன பண்றது?"

அக்கா சிரித்துவிட்டு, தையல் போட்ட இடம் இழுக்க, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்பார். பிறகு குரல் மாறும். "எப்பங்க உள்ள வருவீங்க?"

"வர்றேன். அந்தப் பயல் அடங்கட்டும்."

அந்தப் பயல் என்றால் விரல். நர்ஸ் இதைக் கேள்விப்பட்டுப் பேருந்திலேயே கடிந்துகொண்டார்.

"இவ்வளவு தேவையே இல்ல அண்ணே. வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு நல்லாக் கையைக் கழுவுங்க. சட்டையை மாத்துங்க. மாஸ்க் போடுங்க. உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தா மட்டும் தள்ளி நில்லுங்க. மத்தபடி தாராளமா உள்ள போகலாம்."

"கை கழுவறது எனக்குத் தெரியும் சிஸ்டர். ஏன்னா அது நான் செய்யறது. இது எனக்கே தெரியாமப் போகுது. எனக்குத் தெரியாம என் கை செய்யறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு சொல்ல முடியும்? அவ அண்ணன் உடம்பை அறுத்துக் குடுத்திருக்கான். நான் ஒரு விரலைக்கூடக் குடுக்க முடியலன்னா எந்த மூஞ்சிய வச்சிட்டு உள்ள போறது?"

நர்ஸ், "அப்ப ஒண்ணு பண்ணலாம்" என்றார். "உங்களுக்குத் தெரியாமப் போகுதுன்னா, தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

கண்டக்டர் பேருந்தின் நடுவில் நின்று, டிக்கெட் கேட்கும் அதே குரலில் சொன்னார்: "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. என் விரல் வாய்ப் பக்கம் போனா சத்தம் போடுங்க. திட்டினாலும் பரவாயில்ல. ஒரு நாள், டூட்டி முழுக்க, ஒருத்தரும் சத்தம் போடாம இருந்தா அன்னிக்கு நான் என் வீட்டு அறைக்குள்ள போவேன்."

கூடைக்கார அம்மாவுக்கு அது வரமாகக் கிடைத்தது. "விரலு!" என்று அவர் போடும் சத்தத்தில் குழந்தைகள் விழித்து அழும். கடைசி இருக்கையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் "விரல்! விரல்!" என்று தாளம் போடுவார்கள். டிரைவர் உள்கண்ணாடியில் பார்த்து ஹாரனை அழுத்துவார். எதிரே ஆளே இல்லாத சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் பேருந்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

"யோவ் டிரைவர், நீ ரோட்டைப் பாருய்யா! விரலை நாங்க பாத்துக்கறோம்," என்று நர்ஸ் அதட்டுவார்.

அடுத்தவர் கையைக் கவனிக்கத் தொடங்கினால் தன் கையும் கண்ணில் படத்தானே செய்யும். நகம் கடித்துக்கொண்டே விரல், விரல் என்று கத்திய ஒரு குமாஸ்தா பாதியில் வாயடைத்துப் போனார். ஓர் அம்மா முந்தானை நுனியை எச்சிலால் நனைத்துப் பிள்ளையின் கன்னத்தைத் துடைக்கப் போனவர், அந்தரத்தில் கையை நிறுத்தி, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தேடினார். தும்மும் அண்ணன் முழங்கை மடிப்பில் தும்மக் கற்றுக்கொண்டார். நான் கண்ணைக் கசக்கியபோது, "டிகிரி, கம்பியைப் பிடிச்ச கை எங்க போகுது?" என்று கேட்டது கண்டக்டரேதான். கை இயல்பாகவே கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் எத்தனை முறை போய் வருகிறது! நம் முகத்தில் நமக்குத் தெரியாமல் ஒரு போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது.

ஊரில் நான் புதுக் கன்றை ஏருக்குப் பழக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். அடம் பிடிக்கும், இழுக்கும், உட்கார்ந்துவிடும். ஆனால் அது எதிரே நிற்கும். மூக்கணாங்கயிறு கையில் இருக்கும். இந்த மனிதர் பழக்கியதோ தன் கையிலேயே முளைத்திருந்த ஒன்றை. கயிறும் அவரே, கன்றும் அவரே. பழக்குகிறவர் சற்றே அசந்தால் கன்று தப்பிவிடும். அசராமல் இருக்க வேண்டும், ஆனால் சில்லறையும் தவறக் கூடாது, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவும் மறக்கக் கூடாது. நான் பரீட்சைகளுக்கு விழித்திருக்கிறேன். அதுபோன்ற விழிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கத்தல்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் எதுவும் இல்லாத நாள் மட்டும் வரவில்லை. பெரும்பாலும் கடைசி நடையில், களைப்பில், ஒன்று தவறிவிடும். "விரலு" என்று சொல்லும் கூடைக்கார அம்மாவின் குரலில் இப்போது கேலி இல்லை. சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தோடு சொன்னார்.

சந்தை நாள் ஒன்று வந்தது. எனக்கு அன்று விடுமுறை. ஆனாலும் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அனல் காற்று. தாள் எல்லாம் சருகு போலக் காய்ந்து, விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும் நாள். அப்படிப்பட்ட நாளில்தான் விரல் ஈரம் கேட்கும். கூட்டம் படியில் தொங்கியது. கண்டக்டர் ஈரமில்லாமல் தாளைப் பிரிக்க வேறு வழி கண்டுபிடித்திருந்தார். கட்டை வளைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் தாள்களுக்கு நடுவே காற்று புகுந்து பிரியும். பிரிந்த மூலையை மட்டும் கிள்ளி எடுப்பார். கொஞ்சம் தாமதம்தான். யாரும் முணுமுணுக்கவில்லை. புதிதாக ஏறிய ஒருவர், "சீக்கிரம் குடுய்யா" என்றதற்கு மூன்று பேர் அவரை முறைத்தார்கள்.

கடைசி நடை. காலையிலிருந்து அதுவரை ஒருவரும் சத்தம் போடவில்லை. கட்டு தீர்ந்து புதுக் கட்டு எடுத்தார். புதுக் கட்டு விறைப்பாக இருந்தது. வளைத்தார், பிரியவில்லை. மறுபடி வளைத்தார். ஒரு பக்கம் மூன்று கைகள் நோட்டை நீட்டின. ஒருவர் நிறுத்தத்தின் பெயரைக் கேட்டார். அவர் பதில் சொல்லத் திரும்பினார். விரல் எழுந்தது.

நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். கூடைக்கார அம்மாவின் வாய் திறந்தது, சத்தம் வெளியே வரவில்லை. கண்ணாடியில் டிரைவரின் கண்கள். விரல் சட்டைப் பொத்தானைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது. தாடைக்குக் கீழே வந்து நின்றது.

அவரேதான் நிறுத்தினார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது, கண் கீழே இறங்கி விரலைப் பிடித்தது. வீட்டுக்குள் புகப் போனவனைக் கதவருகே கையும் களவுமாகப் பிடித்தது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கீழே இறக்கினார். கட்டை மறுபடி வளைத்தார். சரசரவென்றது. ஒரு தாள் பிரிந்தது.

மேலே வானத்தில் கோள்கள் இழுத்துப் பிடித்த பாதையில் சுற்றுவதைப் பாடத்தில் படித்து வியந்தவன் நான். வருடக்கணக்காக ஒரே பாதையில் ஓடிய ஒரு விரல், வழியில் தானாக நின்று திரும்பியது. அது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

கடைசி நிறுத்தம் வரை யாரும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்ற பயம். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"என்னய்யா, ஹாரன் ரிப்பேரா?" என்றார் தும்மும் அண்ணன்.

"ஹாரனுக்கு இன்னிக்கு லீவு," என்றார் டிரைவர்.

அப்போதுதான் பேருந்து வெடித்தது. கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். கூடைக்கார அம்மா கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போப்பா, போ. வீட்டுக்குப் போ. அந்தப் பொண்ணு காத்திட்டிருக்கும்."

வீட்டுக்கு நானும் அவரோடுதான் வந்தேன். வாசல் குழாயைத் திறந்தார். சோப்பைக் குழைத்து உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நகக் கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பயணிகளிடம் டிக்கெட் கேட்பது போல, ஓர் இடமும் விடாமல். சட்டையை மாற்றினார். மறுபடி வந்து கழுவினார். புது முகக்கவசம் மாட்டினார். மறுபடி குழாயைத் திறந்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "போதுங்க. கைரேகை அழிஞ்சிடப் போகுது. உள்ள வாங்க."

அவர் குழாயை மூடினார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஈரக் கைகளை முன்னால் ஏந்தியபடி, உள்ளே நுழைந்தார். அவர் தங்கை சுத்தமான துண்டை நீட்டினாள். துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் வாசலில்தான் நின்றேன். உள்ளே போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அக்கா கையை நீட்டி அவருடைய வலது கையை எடுத்தார். ஆள்காட்டி விரலைத் தனியே பிரித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். சோப்பில் ஊறி ஊறி நுனியெல்லாம் வெடித்து வெள்ளை பூத்திருந்தது.

"இது யாரு விரலுங்க? எங்க வீட்டுக்காரர் விரலு எப்பவும் ஈரமா இருக்குமே."

முகக்கவசத்துக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அக்கா அந்த விரலை விடவில்லை.